நடுக் குடும்பத்தின் வருமானம்

கூட்டுறவுச் சங்கங்களின் ஆண்டறிக்கைகளில் ஒரு வாக்கியம் தவறாது இடம்பெறுகின்றது. “இவ்வாண்டில் அங்கத்தினர் ஒருவருக்குச் சராசரியாக இவ்வளவு ரூபாய் கூலி வழங்கப்பெற்றது, சென்ற ஆண்டைக் காட்டிலும் இது அதிகம்” என்பதே அவ்வாக்கியம். அதனைக் கேட்டு மகாசபையில் கைதட்டுவோரும் உண்டு. தம் வீட்டு நிலையை எண்ணி மௌனமாக இருப்போரும் உண்டு. நாம் ஆய்வுக்குச் சென்றிருந்த ஒரு நெசவாளர் சங்கத்தில், கூலி உயர்வு வேண்டும் என்ற தீர்மானம் இந்தச் சராசரியைக் காட்டியே தள்ளிவைக்கப்பட்டது. அப்போது முதிய அங்கத்தினர் ஒருவர் எழுந்து, “ஐயா, அந்தச் சராசரி எந்த வீட்டில் குடியிருக்கிறது?” என்று கேட்டார். அனைவரும் சிரித்தனர். எனினும் அவர் கேட்டது சிரித்துத் தள்ளிவிடக்கூடிய கேள்வி அன்று. பொருளாதாரப் புள்ளிவிவரம் முழுவதற்கும் அடிப்படையான கேள்வி அது. அதற்குரிய விடையை இக்கட்டுரையில் படிப்படியாக ஆராய்வோம்.

சராசரியும் நடு அளவும்

பதினொரு நெசவாளர் குடும்பங்கள் உள்ள சிறு சங்கம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். அக்குடும்பங்களின் மாத வருமானத்தைக் குறைந்ததிலிருந்து உயர்ந்தது வரை வரிசையாக எழுதினால் இவ்வாறு அமைகின்றது என்க: ரூ. 3,200, 3,600, 4,000, 4,300, 4,600, 5,000, 5,400, 6,000, 7,500, 14,000, 19,400.

இவற்றின் கூட்டுத்தொகை ரூ. 77,000. பதினொன்றால் வகுத்தால் சராசரி ரூ. 7,000. ஆனால் இப்பதினொரு குடும்பங்களுள் எட்டுக் குடும்பங்கள் ரூ. 7,000-க்குக் குறைவாகவே பெறுகின்றன. அத்தொகையைச் சரியாகப் பெறும் குடும்பம் ஒன்றேனும் இல்லை. முதியவர் கேட்ட கேள்விக்கு விடை இதுதான்: சராசரி எந்த வீட்டிலும் குடியிருக்கவில்லை.

இனி வரிசையின் நடுவில் நிற்கும் குடும்பத்தைப் பார்ப்போம். மேலிருந்து எண்ணினாலும் கீழிருந்து எண்ணினாலும் ஆறாவதாக வரும் குடும்பம் அது. அதன் வருமானம் ரூ. 5,000. அதற்கு மேல் ஐந்து குடும்பங்கள். கீழ் ஐந்து குடும்பங்கள். இந்த நடு எண்ணையே புள்ளியியலார் ‘இடைநிலை அளவு’ என்பர். குடும்பங்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்தால் நடுவில் இருவர் நிற்பர். அவ்விருவருடைய வருமானத்தையும் கூட்டி இரண்டால் வகுத்துக்கொள்ள வேண்டும்.

பத்தாண்டுகள் கழிந்தன என்று கொள்வோம். ஒன்பது குடும்பங்களின் நிலையில் மாற்றம் இல்லை. மேலிருந்த இரு குடும்பங்களின் வருமானம் மட்டும் முறையே ரூ. 18,000 ஆகவும் ரூ. 26,400 ஆகவும் உயர்ந்தது. கூட்டுத்தொகை ரூ. 88,000 ஆகின்றது, சராசரி ரூ. 8,000. ஆண்டறிக்கையில், “அங்கத்தினர் வருமானம் நூற்றுக்குப் பதினான்கு வீதம் உயர்ந்தது” என்று எழுதலாம். கணக்கில் பிழை இராது. ஆனால் இடைநிலை வருமானம் அதே ரூ. 5,000-இல்தான் நிற்கின்றது. சராசரி மொத்தத் தொகையைப் பற்றிப் பேசுகின்றது. இடைநிலை அளவு மக்களைப் பற்றிப் பேசுகின்றது. இரண்டும் தேவை. ஆயினும் ஒன்றைக் காட்டி மற்றதன் இடத்தை நிரப்புதல் கூடாது.

பெரிய அளவில் ஒரு சான்று

இது கற்பனை எடுத்துக்காட்டில் மட்டும் நிகழ்வதன்று. டில்லியிலுள்ள தேசியப் பயன்முறைப் பொருளாதார ஆராய்ச்சி மன்றமும் அமெரிக்காவின் மேரிலாந்துப் பல்கலைக்கழகமும் கூடி 2004-05-இல் இந்திய மனித வளர்ச்சி ஆய்வு ஒன்றை நடத்தின. நாடெங்கும் நாற்பத்தோராயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்களிடம் வருமானம் விசாரிக்கப்பட்டது. குடும்பம் ஒன்றின் சராசரி ஆண்டு வருமானம் ரூ. 47,804 என்று கண்டனர். இடைநிலை வருமானமோ ரூ. 27,857 மட்டுமே. அதாவது நாட்டின் பாதிக் குடும்பங்கள், சராசரியில் ஐந்தில் மூன்று பங்கையும் எட்டவில்லை.

மாநிலத்தின் தலைவீத வருமானத்தைக் கொண்டு மக்கள் நிலையை அளப்பதிலும் இத்தகைய இடர்ப்பாடு உண்டு. 2018-19-இல் தமிழ்நாட்டின் தலைவீத வருமானம் ஆண்டுக்கு ரூ. 1,75,000-க்கும் மேல். 2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி இம்மாநிலத்தில் ஒரு குடும்பத்துக்கு ஏறத்தாழ நால்வர். நால்வர்க்கும் பெருக்கினால் குடும்ப வருமானம் ஆண்டுக்கு ஏழு இலட்சம், மாதத்துக்கு ரூ. 58,000. அதே 2018-19-இல் தமிழ்நாட்டு வேளாண் குடும்பம் ஒன்றின் சராசரி மாத வருமானம் ரூ. 11,924 என்று தேசிய மாதிரி ஆய்வு கண்டது. இவ்விரு எண்களுக்கும் இடையே ஐந்து மடங்கு வேற்றுமை ஏன்?

முதலாவது, மாநில வருமானம் என்பது வீடுகளுக்கு வந்து சேர்ந்த பணம் மட்டும் அன்று. ஆலைகளும் கம்பெனிகளும் வங்கிகளும் ஈட்டி நிறுத்திக்கொள்ளும் இலாபமும் அதில் அடங்கும். இரண்டாவது, 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி மாநிலத்தில் உழைப்போருள் நூற்றுக்கு 13 பேர் சாகுபடியாளர், 29 பேர் விவசாயத் தொழிலாளர். ஆக நூற்றுக்கு 42 பேர் நிலத்தை நம்பியிருந்தனர். மாநில உற்பத்தியில் வேளாண்மையின் பங்கோ மிகச் சிறியது. ஆகவே மாநிலத்தின் சராசரியைக் கண்டு கிராமத்தின் நடு வீட்டை மதிப்பிடுதல், ஆற்றின் சராசரி ஆழத்தைக் கேட்டுவிட்டு இறங்குவதை ஒக்கும்.

பதினாறு ஆண்டுகளின் போக்கு

அமெரிக்க நாட்டில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் இடைநிலைக் குடும்ப வருமானம் 1984 முதல் ஆண்டுதோறும் தொடர்ச்சியாகக் கிடைக்கின்றது. நம் நாட்டில் அத்தகைய நீண்ட தொடர் இல்லை. 1950-இல் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்வு, பல்லாண்டுகளாகக் குடும்பங்களின் செலவையே முதன்மையாகக் கேட்டு வந்துள்ளது. இதற்குத் தக்க காரணம் உண்டு. மாதச் சம்பளக்காரர் தம் வருமானத்தை ஒரே சொல்லில் கூறிவிடுவார். நெசவாளரோ உழவரோ அவ்வாறு கூற இயலாது. வீட்டுக்கு வைத்துக்கொண்ட நெல்லுக்கு என்ன விலை? தார் சுற்றிக் கொடுத்த மனைவிக்கும் தாயாருக்கும் தனிக் கூலி எது? இவற்றையெல்லாம் கேட்டுக் கணக்கிடுதல் எளிதன்று. நாடு முழுவதற்கும் தனியான குடும்ப வருமான ஆய்வு ஒன்றை 2026-இல் நடத்தப்போவதாக மத்திய அரசு 2025-இல் அறிவித்தது.

எனினும் வேளாண் குடும்பங்களைப் பொறுத்தவரை, தேசிய மாதிரி ஆய்வு மூன்று முறை வருமானத்தை விசாரித்துள்ளது. தமிழ்நாட்டில் குடும்பம் ஒன்றின் சராசரி மாத வருமானம் 2002-03-இல் ரூ. 2,072, 2012-13-இல் ரூ. 6,980, 2018-19-இல் ரூ. 11,924. இந்தியா முழுவதற்கும் அதே ஆண்டுகளில் முறையே ரூ. 2,115, ரூ. 6,426, ரூ. 10,218. முதல் ஆய்வில் நாட்டின் சராசரிக்குச் சற்றுக் கீழே இருந்த தமிழ்நாடு, அடுத்த இரண்டு ஆய்வுகளிலும் அதற்கு மேலே வந்துவிட்டது. ஆயினும் அண்டை மாநிலமாகிய கேரளத்தில் 2018-19-இல் இவ்வருமானம் ரூ. 17,915, கர்நாடகத்தில் ரூ. 13,441.

இவையும் சராசரிகளே என்பதை மறத்தலாகாது. நடுக் குடும்பம் இதற்கும் கீழே நிற்கின்றது என்பதற்குச் சான்று அவ்வாய்விலேயே உண்டு. நாட்டின் வேளாண் குடும்பங்களுள் நூற்றுக்கு எழுபது, ஒரு ஹெக்டேருக்குக் குறைந்த நிலம் உடையவை. அவற்றுள் ஓர் ஏக்கருக்கும் குறைவாக உழும் குடும்பங்களின் மாத வருமானம் 2018-19-இல் சுமார் ரூ. 7,500. பத்து ஹெக்டேருக்கு மேல் உழும் மிகச் சில குடும்பங்களின் வருமானமோ ரூ. 60,000-க்கும் மேல். அச்சிலரே சராசரியை மேலே தூக்குகின்றனர்.

ரூபாயும் பொருளும்

ரூ. 2,072 என்பது ரூ. 11,924 ஆனது ஏறத்தாழ ஐந்தே முக்கால் மடங்கு. இதனைக் கேட்டவுடன் வியப்புத் தோன்றும். ஆனால் ரூபாயின் வாங்கும் சக்தி இப்பதினாறு ஆண்டுகளில் அப்படியே இருந்ததா? விவசாயத் தொழிலாளருக்கான அகில இந்திய விலைவாசிக் குறியீட்டெண் 2002-03-இலிருந்து 2018-19-க்குள் ஏறத்தாழ 2.8 மடங்கு ஆயிற்று. பழைய ரூ. 2,072-ஐ இந்த எண்ணால் பெருக்கினால் சுமார் ரூ. 5,800 வரும். அதாவது 2002-03-இல் ரூ. 2,072-க்குக் கிடைத்த பொருள்களை 2018-19-இல் வாங்க ரூ. 5,800 வேண்டும். உண்மை வருமானம் ரூ. 5,800-இலிருந்து ரூ. 11,924-க்கு ஏறியது, அதாவது இருமடங்காயிற்று.

பதினாறு ஆண்டுகளில் இருமடங்கு என்பது அற்பமான முன்னேற்றம் அன்று. மறுக்க வேண்டுவதும் இல்லை. ஆனால் ஐந்தே முக்கால் மடங்கு என்று மயங்குவதற்கும் இடமில்லை. நீண்டகாலக் கணக்கு எதனைக் கண்டாலும், “இது அந்தந்த ஆண்டின் ரூபாயா, விலை கழித்த ரூபாயா?” என்று முதலில் கேட்கும் பழக்கம் அங்கத்தினர்க்கு வேண்டும்.

வருமானம் வரும் வழி

தொகை மட்டுமன்றி, தொகை வரும் வழியும் மாறியுள்ளது. அகில இந்தியக் கணக்கை நோக்குவோம். 2002-03-இல் வேளாண் குடும்பத்தின் மாத வருமானமாகிய ரூ. 2,115-இல் பயிர்ச் சாகுபடியிலிருந்து ரூ. 969, கூலி சம்பளத்திலிருந்து ரூ. 819, கால்நடையிலிருந்து ரூ. 91, பிற தொழிலிலிருந்து ரூ. 236. 2018-19-இல் ரூ. 10,218-இல் கூலி சம்பளம் ரூ. 4,063, பயிர் ரூ. 3,798, கால்நடை ரூ. 1,582. பயிரின் பங்கு நூற்றுக்கு 46-இலிருந்து 37-க்கு இறங்கிற்று. கால்நடையின் பங்கு 4-இலிருந்து 15-க்கு ஏறிற்று. உழவர் குடும்பம் என்று பெயர் பெற்ற வீட்டில், உழவைக் காட்டிலும் கூலியே மிகுதியாகக் கொண்டுவருகின்றது.

தமிழ்நாட்டில் இம்மாற்றம் முன்னதாகவே தோன்றிவிட்டது. 2012-13-இலேயே, மொத்தம் ரூ. 6,980-இல் கூலி சம்பளம் ரூ. 2,902, பயிர் ரூ. 1,917, கால்நடை ரூ. 1,100, பிற தொழில் ரூ. 1,061. இதற்குக் காரணங்கள் பல. நிலம் துண்டுபட்டது முதற்காரணம். 1970-71-இல் தமிழ்நாட்டில் ஒரு சாகுபடியாளரிடம் சராசரியாக 1.45 ஹெக்டேர் இருந்தது; 2015-16-இல் 0.75 ஹெக்டேர் மட்டுமே. பாதி நிலத்தில் முழுக் குடும்பம் வாழ இயலாதாகையால், வீட்டில் ஒருவர் ஆலைக்கும் கட்டட வேலைக்கும் செல்லலாயினர். 2006-இல் ஆறு மாவட்டங்களில் தொடங்கி 2008-இல் மாநிலமெங்கும் பரவிய ஊரக வேலை உறுதித் திட்டமும் கிராமக் கூலியை உயர்த்தத் துணைபுரிந்தது. பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கங்கள் ஊர்தோறும் இருந்தமையால், ஒன்றிரண்டு மாடு வைத்திருப்பவரும் நாள்தோறும் பாலை ஊற்றிப் பணமாக்க முடிந்தது. சிறு குடும்பத்தைத் தாங்கிப் பிடிப்பதில் கூட்டுறவுக்குள்ள பங்கை இது நன்கு காட்டும்.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். அதே 2019-ஆம் ஆண்டு ஆய்வில் தமிழ்நாட்டு வேளாண் குடும்பங்களுள் நூற்றுக்கு 65 கடன்பட்டிருந்தன. குடும்பம் ஒன்றுக்குச் சராசரிக் கடன் ஒரு இலட்சத்து ஆறாயிரம் ரூபாய்க்கு மேல். ஏறத்தாழ ஒன்பது மாத வருமானம். வருமானம் ஏறிற்று என்னும்போதே கடன் எவ்வளவு என்பதையும் அருகில் எழுதிப் பார்க்க வேண்டும்.

நெசவாளர் நிலை

நெசவாளரைப் பற்றிய கணக்கு, இடைநிலை அளவைக் காணும் எளிய வழி ஒன்றைக் கற்பிக்கின்றது. 2019-20-இல் வெளிவந்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு, வருமானத்தைப் பிரிவு பிரிவாகத் தந்தது. கைத்தறிக் குடும்பங்களுள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மாதத்துக்கு ரூ. 5,000-க்குக் குறைவாகப் பெறுவன என்று அது காட்டிற்று. மூன்றில் இரண்டு பங்கு அவ்வெல்லைக்குக் கீழே இருந்தால், வரிசையின் நடுவில் நிற்கும் குடும்பமும் கீழேதான் இருக்க வேண்டும். ஆகவே நாட்டின் நடுக் கைத்தறிக் குடும்பத்தின் வருமானம் ரூ. 5,000-ஐ எட்டவில்லை என்பதை வேறு கணக்கின்றியே கூறிவிடலாம். ஒருபொழுதும் சராசரியை இவ்வாறு ஊகித்துவிட முடியாது.

எனினும் ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். அஸ்ஸாம் முதலிய வடகிழக்கு மாநிலங்களில் கைத்தறிக் குடும்பங்கள் மிகப் பல. அங்குப் பெண்கள் வீட்டுத் தேவைக்காகவும் ஓய்வு நேரத்திலும் நெய்வது வழக்கம். காஞ்சிபுரத்திலோ ஆரணியிலோ நாள் முழுதும் தறியில் அமர்ந்து பட்டு நெய்பவரையும் அவர்களையும் ஒரே வரிசையில் நிறுத்தியே நாட்டின் நடுக் குடும்பம் காணப்படுகின்றது. ஆகவே நாட்டு எண்ணை நம் ஊர் எண்ணாகக் கொள்ளல் ஆகாது. நம் ஊரின் எண்ணை நாமே காண வேண்டும்.

நீண்டகாலப் போக்கைப் படிக்கும்போது

இனி, பல்லாண்டுக் கணக்குகளை ஒப்பிடுகையில் கவனிக்க வேண்டியவற்றைத் தொகுத்துரைப்போம்.

(1) யாரைக் கணக்கில் சேர்த்தனர்? 2002-03-இல் நிலம் உழும் குடும்பங்கள் மட்டுமே கணக்கில் வந்தன. 2012-13-இல் ஆண்டுக்கு ரூ. 3,000-க்கு மேல் விளைபொருள் எடுத்த குடும்பங்கள் என்றும், 2018-19-இல் ரூ. 4,000-க்கு மேல் என்றும் வரம்பு வகுத்தனர். வரம்பு மாறினால் வரிசை மாறும். வரிசை மாறினால் நடுவும் மாறும்.

(2) எதனை வருமானம் என்றனர்? 2018-19-இல் கைவிட்டுச் செலவழித்த பணத்தை மட்டும் கழித்தால் வருமானம் ரூ. 10,218. வீட்டு விதை, வீட்டு உழைப்பு முதலியவற்றுக்கும் விலை வைத்துக் கழித்தால் அதே ஆய்வில் ரூ. 8,337 மட்டுமே. முதியோர் உதவித் தொகையும், வெளியூரிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் பணமும் இவற்றில் சேரவில்லை.

(3) எந்த ஆண்டு? 2002-ஆம் ஆண்டில் நாடெங்கும் மழை பொய்த்தது. 2012-இல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை குறைந்து டெல்டாவில் பயிர் வாடிற்று. 2018 நவம்பரில் கஜா புயல் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. வறட்சி ஆண்டை அடியாக வைத்தால் வளர்ச்சி பெரிதாகத் தோன்றும். நல்ல ஆண்டை வைத்தால் சிறிதாகத் தோன்றும்.

(4) குடும்பம் எவ்வளவு பெரியது? தமிழ்நாட்டில் குடும்பத்தின் சராசரி அளவு 2001-இல் நால்வருக்கு மேல். 2011-இல் நால்வருக்குச் சற்றுக் கீழ். தந்தையும் மகனும் ஒரே அடுப்பில் உண்டபோது ரூ. 16,000 பெற்ற வீடு, அடுப்புப் பிரிந்தபின் ரூ. 8,000 பெறும் இரண்டு வீடுகளாகின்றது. எவரும் ஏழையாகவில்லை, ஆயினும் குடும்ப வருமானம் குறைந்ததாகக் கணக்குக் காட்டும். ஆகவே தலைக்கு எவ்வளவு என்பதையும் உடன் காணல் நலம்.

(5) யார் வெளியேறினர்? இதுவே எல்லாவற்றினும் நுட்பமானது. நம் பதினொரு குடும்பங்களுள் கடைசி மூன்று குடும்பங்கள் தறியை நிறுத்திவிட்டுப் பின்னலாடை ஆலைக்குப் போய்விட்டன என்க. மீதி எட்டுக் குடும்பங்களின் நடுவில் ரூ. 5,400-உம் ரூ. 6,000-உம் நிற்கும். இடைநிலை அளவு ரூ. 5,700. எவருடைய கூலியும் ஒரு காசேனும் ஏறவில்லை. ஆயினும் சங்கத்தின் இடைநிலை வருமானம் ரூ. 700 உயர்ந்துவிட்டது! இது வெறுங்கற்பனை என்று எண்ண வேண்டா. நாட்டில் நெசவாளரும் துணைத் தொழிலாளருமாக 1995-96-இல் 65 இலட்சம் பேர். 2009-10-இல் 43 இலட்சம். 2019-20-இல் 35 இலட்சம். இருப்போரை மட்டும் எண்ணும் கணக்கில், போனோரின் வறுமை மறைந்துபோகும். இடைநிலை அளவுக்கும் இக்குறை உண்டு என்பதால், அங்கத்தினர் எண்ணிக்கையை அதன் அருகிலேயே எழுதிவைத்தல் வேண்டும்.

சங்கம் செய்ய வேண்டுவது

அரசு எடுக்கும் கணக்கு, மாநிலத்துக்கும் நாட்டுக்கும் உரியது. ஒரு சங்கத்தின் நடுக் குடும்பத்தை அச்சங்கமே அறியக்கூடும். இதற்குப் பெருஞ்செலவு இல்லை; ஒரு பேரேடும் ஆண்டுக்கு இரண்டு நாள் உழைப்புமே போதும். நாம் பரிந்துரைப்பது பின்வரும் முறையாகும்.

ஆண்டுதோறும் ஒரே மாதத்தில், எல்லா அங்கத்தினர் குடும்பங்களிடமும் சென்ற பன்னிரண்டு மாத வருமானத்தை ஐந்து தலைப்புகளில் கேட்டு எழுதுக: தறிக் கூலி, பயிர், கால்நடை, வெளிக் கூலி அல்லது சம்பளம், உதவித் தொகையும் பிறவும். தறிக் கூலிக்குச் சங்கத்தின் கூலிப் பட்டுவாடா ஏடே சான்று. பாலுக்குப் பால் சங்கத்தின் அட்டை சான்று. 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை போன்றவற்றைத் தனித் தலைப்பில் எழுதினால்தான், உழைப்பால் வந்தது எவ்வளவு, உதவியால் வந்தது எவ்வளவு என்பது விளங்கும். வீட்டில் உண்போர், உழைப்போர் எண்ணிக்கையையும், நிலுவைக் கடனையும் குறித்துக்கொள்க.

பின்னர்ப் பெயரை நீக்கி, எண்களை மட்டும் வரிசைப்படுத்துக. நடுக் குடும்பத்தின் வருமானத்தைக் குறிக்க. கீழிருந்து நாலில் ஒரு பங்கில் நிற்கும் குடும்பத்தின் வருமானத்தையும் குறிக்க. இவ்விரண்டையும் சராசரியோடு சேர்த்து ஆண்டறிக்கையில் வெளியிடுக. ஒருவர் வீட்டு வருமானம் மற்றவர்க்குத் தெரியலாகாது. இதில் காரியதரிசி மிகுந்த எச்சரிக்கையோடு இருத்தல் வேண்டும்.

விலையைக் கழிப்பதற்கு ஊர்ப் பண்டகசாலையின் விலைப் பட்டியலையே பயன்படுத்தலாம். பத்துப் பண்டங்களைத் தேர்ந்து, ஆண்டுதோறும் அதே மாதத்தில் விலை எழுதி வருக. ஆனால் அரிசியை மட்டும் அளவுகோலாகக் கொள்ள வேண்டா. 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டில் அரிசிக் குடும்ப அட்டைக்கு ரேஷன் அரிசி விலையின்றி வழங்கப்பட்டு வருவதால், அது மற்றச் செலவுகளின் ஏற்றத்தைக் காட்டாது. பருப்பு, எண்ணெய், சமையல் எரிவாயு, பஸ் கட்டணம், மருந்து, வீட்டு வாடகை, பிள்ளைகளின் படிப்புச் செலவு ஆகியவற்றையும் சேர்க்க வேண்டும்.

இவ்வேட்டினால் விளையும் பயன் யாது? கூலி உயர்வு, போனஸ், கடன் வரம்பு ஆகியவற்றை முடிவு செய்யும் நாளில் நிர்வாகக் குழுவுக்கு இது கைவிளக்காகும். ஓர் எடுத்துக்காட்டுப் போதும். கூலியை எல்லார்க்கும் நூற்றுக்குப் பத்து வீதம் உயர்த்தினால், நம் பதினொருவருள் கடைசியில் நிற்பவர்க்கு ரூ. 320 கிடைக்கும்; முதலில் நிற்பவர்க்கு ரூ. 1,940 கிடைக்கும். செலவாகும் மொத்தத் தொகை ரூ. 7,700. அதே தொகையைப் பதினொருவர்க்கும் சமமாகப் பகிர்ந்தால் ஒவ்வொருவர்க்கும் ரூ. 700, நடுக் குடும்பம் ரூ. 5,500-க்குப் பதிலாக ரூ. 5,700-ஐ எட்டும். சராசரி இரு முறையிலும் ரூ. 7,700 தான்! எது தக்கது என்பதை மகாசபையே முடிவு செய்யட்டும்; நுண்வேலைப்பாடு மிக்க சேலைக்கு மிகுந்த கூலி வேண்டும் என்னும் நியாயமும் உண்டு. ஆனால் இரு வழிகளுக்கும் இடையேயுள்ள வேற்றுமையைக் கண்ணால் கண்டபின் முடிவு செய்யட்டும்.

சங்கத்தில் அங்கத்தினர் ஒவ்வொருவர்க்கும் ஒரு வாக்கு. பங்குத் தொகை எவ்வளவாயினும் வாக்கு ஒன்றே. இதுவே கூட்டுறவின் தனிச்சிறப்பு. இடைநிலை அளவும் இவ்வாறே வருமானம் எவ்வளவாயினும் குடும்பம் ஒவ்வொன்றையும் ஒன்றாகவே எண்ணுகின்றது. கம்பெனி தன் நிலையைச் சராசரியால் அளந்துகொள்ளட்டும். கூட்டுறவுச் சங்கம் தன் நிலையை நடுவில் நிற்கும் அங்கத்தினரின் வீட்டைக் கொண்டு அளப்பதே முறையாகும். அடுத்த மகாசபைக்குள் ஒவ்வொரு சங்கமும் இப்பேரேட்டைத் தொடங்குமாறு கேட்டுக்கொள்கின்றோம்.

படிப்பு வட்டத்துக்குரிய வினாக்கள்

1. ஒன்பது குடும்பங்களின் மாத வருமானம் ரூ. 4,000, 9,000, 5,500, 6,000, 30,000, 4,500, 7,000, 5,000, 10,000. வரிசைப்படுத்தி, சராசரியும் இடைநிலை அளவும் காண்க. சராசரிக்குக் கீழே எத்தனை குடும்பங்கள்? (விடை: ரூ. 9,000, ரூ. 6,000, ஆறு.)

2. பத்தாண்டுகளில் நடுக் குடும்பத்தின் வருமானம் ரூ. 4,000-இலிருந்து ரூ. 7,200 ஆயிற்று. விலைவாசி ஒன்றரை மடங்காயிற்று. உண்மை வருமானம் நூற்றுக்கு எவ்வளவு உயர்ந்தது? (விடை: 20.)

3. உங்கள் சங்கத்தில் பத்தாண்டுகளுக்கு முன்பு தறி ஓட்டியவர் எத்தனை பேர்? இன்று எத்தனை பேர்? நிறுத்தியவர்கள் இப்போது என்ன தொழில் செய்கின்றனர் என விசாரித்து எழுதுக.

4. உங்கள் சங்கத்தின் சென்ற ஆண்டறிக்கையில் காணும் சராசரிகளை எடுத்து, அவை யார் யாரை உள்ளடக்கியவை, யாரை விட்டுவிட்டவை என்று ஆராய்க.